புயல் வாராத் துறைமுகத்தில் மழையும் ஓதமும்

சோழமண்டலக் கரையில் வாழ்வோருக்கு ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் புயலைப் பற்றிய கவலையும் உடன் பிறந்துவிடும். 1952ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தையும், 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியையும் தாக்கிய புயல்களை அக்கரை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அதே கரையினின்றும் கப்பலேறிச் சிங்கப்பூரிற் குடிபுகுந்த தமிழர்களோ, புயலையே அறியாததோர் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதற்குக் காரணம் ஊரின் இருப்பிடமே. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. பூமி தன் அச்சிற் சுழல்வதனால் வீசும் காற்று நேரே செல்லாமல் ஒருபுறமாக விலகிச் செல்கின்றது. அந்த விலக்கமே காற்றைச் சுழலச் செய்து புயலாக்குவது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க விலக்கம் குறைந்து, ரேகையின் மீது அறவே இல்லாமற் போகின்றது. ஆகவே அப்பிரதேசத்தில் மேகம் எவ்வளவு திரண்டாலும் அது புயலாகச் சுருண்டுகொள்வது மிக அரிது.

எனினும் நீரால் வரும் துன்பம் இல்லாத ஊர் என்று சிங்கப்பூரைச் சொல்ல இயலாது. 1991 முதல் 2020 வரையிலான சராசரிக் கணக்குப்படி அங்கு ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஆண்டில் 171 நாட்கள் மழை நாட்கள். இம்மழை கொட்டும் வேளையிலேயே கடலும் ஏறி நின்றால், தாழ்ந்த தெருக்களின் நீர் வடிவதற்கு வழியில்லை. மழையும் ஓதமும் ஒரே நாழிகையிற் சந்திப்பதுதான் அவ்வூரின் அபாயம். அவ்வபாயத்தை நெடுங்காலம் அனுபவித்த இடங்களுள் ஒன்று சைனாடவுன். மழையை அளக்கும் கலையும், தாழ்ந்த நிலத்து மக்களைக் காக்கும் வேலையும் அங்கே நூறாண்டுக்கு மேல் தனித்தனி வழியிற் சென்றன. இரண்டும் ஒன்று சேர்ந்த பிறகே வெள்ளம் அடங்கத் தொடங்கியது. அவ்வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு.

சதுப்பில் எழுந்த பேட்டை

1819ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கினார். ஆற்றின் தென்கரை அப்பொழுது சேறும் சதுப்புமாயிருந்தது. 1822இல் அருகிலிருந்த ஒரு குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு சதுப்பை மேடாக்கினார்கள். குன்று இருந்த இடம் வர்த்தக சதுக்கமாயிற்று. இன்று அதற்கு ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர். மேடாக்கிய கரை படகுத்துறையாயிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவினத்துக் கூலியாட்களும் அவ்வேலையில் ஈடுபட்டனர். ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் ஆற்றுக்குத் தென்மேற்கேயுள்ள நிலம் சீனர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதுவே பின்னாளிற் சைனாடவுன் ஆயிற்று.

பெயர் சைனாடவுனாயினும் அங்கே தமிழர்கள் தொடக்கத்திலிருந்தே வாழ்ந்தனர். சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஆற்றிற் படகு செலுத்தினர். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் வைத்து வட்டித்தொழில் நடத்தினர். சூலியாக்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். மறு ஆண்டு அதே சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது.

இக்கோயில் வந்த கதை நீரோடு தொடர்புடையது. பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் 1819இல் வந்த நாராயண பிள்ளை, இந்துக்களுக்கு ஒரு கோயில் அமைக்க இடம் கேட்டார். முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் தரப்பட்டது. அத்தெரு அந்நாளிற் கடற்கரை. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே கிட்டவில்லை. அடுத்துத் தரப்பட்ட இடம் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல் மூன்றாவதாகக் கிடைத்ததே இன்று கோயில் நிற்குமிடம். 1827இல் மரத்தாலும் ஓலையாலும் எளிய கோயிலாக அது கட்டப்பட்டது. உப்புநீர் ஏறும் கரையை விட்டு, நன்னீர் கிட்டும் நிலத்தைத் தேடிய செய்கை அது.

சைனாடவுனின் பழம்பெயரும் இந்த நீர்க்கவலையையே காட்டுகின்றது. மலாய் மொழியில் அதற்குக் கிரேத்தா ஆயர் என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். சீனரும் அவ்விடத்தை மாட்டுவண்டித் தண்ணீர் என்றே தங்கள் மொழியில் வழங்குகின்றனர். ஆன் சியாங் குன்றின் கிணற்று நீர் மாட்டுவண்டிகளில் வந்து தெருக்களில் வழங்கப்பட்டதால் ஏற்பட்ட பெயர் இது. காலடியில் வெள்ளமும் குடத்தில் வறட்சியுமாக மக்கள் வாழ்ந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

கடலோரத் தெருவின் காவல்

வானிலை அறிக்கை என்பது ஒன்றில்லாத அந்நாட்களில் மக்கள் காற்றின் முறையையே நம்பிக் கடலைக் கடந்தனர். வடகிழக்குப் பருவக் காற்றாகிய வாடையைப் பாய்மரத்தில் ஏந்திச் சீனக் கப்பல்கள் தை, மாசியில் வந்திறங்கும். தென்மேற்குப் பருவக் காற்றாகிய கச்சான் வீசத் தொடங்கியதும் அவை தாயகம் திரும்பும். சோழமண்டலக் கரைக் கப்பல்களுக்கோ இம்முறை நேர்மாறானது. கச்சான் அவற்றைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். வாடை திருப்பி அனுப்பும். ஆதலின் சைனாடவுன் இரண்டு காற்றுகளின் சந்திப்பிடமாக இருந்தது.

தெலுக் ஆயர் தெருவில் நடப்பவர் இதன் அடையாளத்தை இன்றும் காணலாம். நாகூர் ஆண்டவரின் நினைவாகச் சூலியாக்கள் 1828 முதல் 1830 வரையில் எழுப்பிய நாகூர் தர்கா அங்குள்ளது. அதனருகே ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரையில் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் உள்ளது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளைக் காப்பவர் என்பது தமிழ்க் கரை முழுதும் பரவிய நம்பிக்கை. சீனக் கோயிலில் வீற்றிருக்கும் மாஸு தேவியும் கடலோடிகளின் காவல் தெய்வமே. உயிரோடு கரை சேர்ந்த மாலுமி, தமிழனாயினும் சீனனாயினும், நன்றி செலுத்த அதே தெருவுக்கே வந்தான். 1879க்குப் பின் குன்றுகளின் மண்ணை வெட்டிக் கடலைத் தூர்த்தபோது கரை விலகிச் சென்றது. இப்பொழுது அவ்விரு கட்டடங்களுக்கும் எதிரே கடல் இல்லை. உயர்ந்த மாளிகைகளே நிற்கின்றன.

நம்பிக்கையோடு உதவியும் இவ்விடங்களிற் கிடைத்தது. புதிதாய்க் கரையிறங்கிய தமிழருக்கு வேலை கிடைக்கும்வரை மாரியம்மன் கோயில் தங்குமிடமாயிருந்தது. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பதே பொருள் என்பதையும் இங்கு நினைக்கலாம். கட்டடக் கலையிலும் மழைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு கடையின் முன்னும் தொடர்ச்சியான தாழ்வாரம் விடப்படவேண்டுமென்று 1822ஆம் ஆண்டுத் திட்டத்தில் ராபிள்ஸ் விதித்திருந்தார். ஐந்தடி அகலம் என்ற கணக்கினால் தமிழர் அதனை அஞ்சடி என்றனர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஏற்ற அந்நடைபாதை இன்றும் பழைய தெருக்களின் அடையாளமாக விளங்குகின்றது. மேலிருந்து விழும் மழைக்கு அஞ்சடி போதும். கீழிருந்து ஏறும் வெள்ளத்துக்கு அது போதாது.

மழையை அளந்தோர்

சிங்கப்பூரின் முதல் ரெசிடென்டாகிய வில்லியம் ஃபார்க்குவார் 1820களின் தொடக்கத்திலேயே வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைத்தார். முறையான ஆராய்ச்சி 1841இல் தொடங்கிற்று. உலகமெங்கும் பூமியின் காந்த சக்தியை ஒரே காலத்தில் அளக்கவேண்டுமென்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் முயன்ற காலம் அது. அதற்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் ஆராய்ச்சி நிலையங்களை நிறுவியது. அவற்றுள் ஒன்று சிங்கப்பூரில் அமைந்தது. அதனை 1841 முதல் 1845 வரை நடத்தியவர் சென்னை எஞ்சினீயர் படையைச் சேர்ந்த சார்லஸ் மார்கன் எலியட். காந்தத்தோடு வானிலையையும் அவர் இடைவிடாது பதிவு செய்தார். அவருடைய வானிலைக் கணக்குகள் 1850இல் சென்னையில் அச்சாயின. சிங்கப்பூர் வானத்தைப் பற்றிய முதற்பெரும் நூல் சென்னையில் அச்சேறியது என்பது தமிழ்நாட்டார் பலரும் அறியாத செய்தி.

நிலையம் மூடியபின் அளவை தளர்ந்தது. தொடர்ச்சியான மழைக்கணக்கு 1869இலிருந்தே கிடைக்கின்றது. அப்பொழுது அதனை மேற்கொண்டது மருத்துவத் துறை. காற்றும் ஈரமுமே காய்ச்சலுக்குக் காரணமென்று வைத்தியர்கள் கருதிய காலமாதலால் மழைமானி மருத்துவமனையின் முற்றத்துக்கு வந்தது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பலர் அவ்வூரில் இருந்தனர். சாலை போட்டதிலும், சதுப்பைத் தூர்த்ததிலும் அவர்கள் உழைப்பு பெரிது.

1929இல் மலேயா வானிலைத் துறை ஏற்பட்டது. 1937இல் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் வானிலைச் செய்தி இன்றியமையாதது. ஆகவே துறையின் முதற் கவனம் அவற்றின்மேலேயே இருந்தது. இதில் வியப்பில்லை, துறைமுகத்தினாற் பிழைக்கும் ஊர் அது. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கடற்பயணிக்கும் வானூர்திக்கும் கிடைத்த எச்சரிக்கை, ஆற்றோரத்துத் தாழ்ந்த வீட்டில் உறங்குபவனை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அவனால் என்ன செய்ய முடியும்? நீர் வடிய வழி இல்லாதபோது மழை வருமென்று அறிவதனால் தெரு உலர்ந்துவிடாது.

சுமத்ராக் காற்று

வானிலையை முன்னறிவதிலும் அவ்வூரில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. வங்கக் கடற் புயல் பல நாட்கள் கடலில் ஊர்ந்து கரைக்கு வரும்; அதன் வழியைத் தொடர்ந்து பார்த்து எச்சரிக்க அவகாசம் கிடைக்கும். சிங்கப்பூரின் இடிமழையோ பிற்பகல் வெப்பத்தில் திடீரெனத் திரண்டு, ஒரு பேட்டையில் கொட்டி, அடுத்த பேட்டையை நனைக்காமலே கலைந்துவிடும்.

சுமத்ராஸ் என்று வழங்கும் வன்காற்று இதினின்றும் சற்று வேறானது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் இரவில் சுமத்ராத் தீவின் மீதோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் ஒரு வரிசையாகத் திரளும். அவ்வரிசை கிழக்கே நகர்ந்து விடியற்காலையில் சிங்கப்பூர் மேல் பாயும். பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் காற்று வீசும். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர் வேகமே அவ்வூரின் உச்ச அளவாகும். சுமத்ராக் காற்றை ராடார் கருவியாற் சில மணி நேரம் முன்னதாகக் காணலாம். உள்ளூர் இடிமழைக்கோ, இந்நாளைய கருவிகளைக் கொண்டும் 15 முதல் 30 நிமிட அவகாசமே தரமுடிகின்றது. அரை மணி நேரத்தில் மனிதன் மேட்டுக்கு ஏறலாம். கடைச் சரக்கு முழுவதையும் ஏற்ற இயலாது.

வெள்ளமும் வாய்க்காலும்

சைனாடவுன், படகுத்துறை, ஜாலான் பெசார், கேலாங் முதலிய இடங்கள் தாழ்ந்தவை. ஜாலான் பெசார் இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டியது. அங்கே மழைநீரை ரோச்சோர் கால்வாய் வாங்கிக் கடலுக்குக் கொண்டுசென்றது. அந்நாளிற் கடல் ஏறினால் கால்வாயும் நிரம்பிவிடும். உள்ளூர்த் தமிழர் மலாய்ச் சொல்லாலேயே லோங்காங் என்று வழங்கும் தெருச் சாக்கடைகள் அப்பொழுது பின்னோக்கித் ததும்பின. 1954, 1969, 1978 ஆகியவை பெருவெள்ள ஆண்டுகளாக நினைக்கப்படுகின்றன. அவற்றுள் 1978 டிசம்பர் 2ஆம் நாள் பாய லேபாரில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு மழையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஒரே நாளிற் கொட்டியது. அவ்வெள்ளத்தில் எழுவர் மாண்டனர். ஆயிரம் பேருக்கு மேல் வீடுகளைவிட்டு அகற்றப்பட்டனர்.

அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. புக்கித் தீமா நீரை வேறு வழியில் திருப்பும் கால்வாய் 1966 முதல் 1972 வரையில் வெட்டப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி 1990இல் முடிந்தது. ஆண்டுகள் பலவற்றின் மழைக்கணக்கு இங்கேதான் பயன்பட்டது. ஒரு கால்வாயை எவ்வளவு அகலமாக வெட்டுவதென்று எஞ்சினீயர் தீர்மானிக்கவேண்டுமானால், எத்தனை ஆண்டுக்கொரு முறை எவ்வளவு மழை பெய்யும் என்பது தெரியவேண்டும். மருத்துவமனை முற்றத்தில் தொடங்கிய கணக்கு இவ்வாறு தாழ்ந்த தெருவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டது. ஐந்து ஆறுகளின் நீர் சேரும் வாயில் 350 மீட்டர் நீளத்துக்கு அது குறுக்கே நிற்கின்றது. கடல் தாழ்ந்திருக்கும்போது மழை மிகுந்தால் ஒன்பது கதவுகளும் இறங்கி நீரை வெளியே விடும். கடல் உயர்ந்திருந்தால் கதவுகள் மூடி நிற்க, ஏழு பெரும் பம்புகள் நீரைக் கடலுக்குள் இறைக்கும். மழையும் ஓதமும் சந்திப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இதுவென்று சொல்லலாம். 1970களில் வெள்ள அபாயமுள்ள நிலம் 3,200 ஹெக்டேராக இருந்தது; இன்று அது 30 ஹெக்டேருக்கும் குறைவு.

இதனால் அபாயம் தீர்ந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. 2010 ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்டு ரோட்டில், கடலோரமல்லாத கடைவீதியில், வெள்ளம் புகுந்தது. ஸ்டாம்போர்டு கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். பின்னர் நீரைத் தேக்கிவைக்கும் நிலத்தடித் தொட்டியும் திருப்புக் கால்வாயும் கட்டப்பட்டு 2018இல் முடிவுற்றன. எவ்வளவு பெரிய கால்வாயையும் கொஞ்சம் குப்பை தோற்கடித்துவிடும்.

அரியது நிகழ்ந்தபோது

புயல் வாராது என்ற விதிக்கும் விலக்கு நேர்ந்தது. 2001 டிசம்பர் 26ஆம் நாள் தென்சீனக் கடலில், பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்குள்ளாகவே, வாமேய் என்னும் புயல் உருவாயிற்று. மறுநாள் அது சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜொகூர்க் கரையைக் கடந்தது. இத்தகைய நிகழ்ச்சி நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை நேரலாமென்று அதனை ஆராய்ந்தோர் கணித்தனர். 2025 நவம்பரின் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்ற புயல் தோன்றி வடசுமத்ராவில் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்து எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. புயலை அறியாத கரைகள் அதற்கு ஆயத்தமாகவும் இருப்பதில்லை என்பதே இதிற் கவனிக்கத்தக்கது.

கடலும் முன்போல் இல்லை. 2024 ஜனவரியில் சிங்கப்பூர் வெளியிட்ட பருவநிலை ஆய்வின்படி, 2100ஆம் ஆண்டுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். நீரைத் தடுத்து நிற்கும் கதவுகளும் இறைக்கும் பம்புகளும் இன்றைய கடலை அளந்து அமைத்தவை. கடலோரக் காப்புக்கு நூறாண்டு காலத்தில் 10,000 கோடி வெள்ளி வரை செலவாகலாமென்று 2019இல் பிரதமராயிருந்த லீ சியன் லூங் கூறினார். மரினாவில் இரண்டாவது பம்பு நிலையம் வேண்டியிருக்கும் என்பதும் அப்பொழுது பேசப்பட்டது.

இருநூறாண்டு வரலாற்றிலிருந்து தெளியக்கூடியது ஒன்றுண்டு. தெலுக் ஆயர்த் தெருவின் மாலுமி காற்றின் முறையை அறிந்திருந்தான். மாரியம்மன் கோயிலுக்கு இடம் தேடியவர்கள் நிலத்தின் நீரை அறிந்திருந்தார்கள். எலியட் வானத்தை அளந்தார். இவ்வறிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தவரையில் ஆற்றோரத்து ஏழையின் வீட்டில் தண்ணீர் புகுந்துகொண்டுதான் இருந்தது. மழைக்கணக்கு கால்வாயின் அகலமாகவும், ஓதத்தின் கணக்கு கதவின் உயரமாகவும் மாறியபோதே அவன் வீடு உலர்ந்தது. வானிலை முன்னறிவிப்பின் பயனை அதன் நுட்பத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. தாழ்ந்த நிலத்தில் வாழ்பவனுக்கு அது என்ன செய்தது என்பதே சரியான அளவுகோல். நாகப்பட்டினம் முதல் சென்னை வரை ஆண்டுதோறும் வாடைமழையை எதிர்நோக்கும் ஊர்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.